ஒரு வேர்கூட விடாமல்

எனக்கும் செடிகொடிக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் என்னை ஏதோ இயற்கையில் தோய்ந்த மனிதன் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் பதுளைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவன். என் தகப்பனார் ஒரு துணிக்கடையில் நின்றபடியே ஆயுளைக் கழித்தார். எங்களுக்கு மழை என்றால் கடைப்பலகையை இழுத்து மூட வேண்டும். வெயில் என்றால் சாயம் வெளுக்காமல் திரை போட வேண்டும். அதற்கு மேல் பருவகாலத்தோடு எங்களுக்கு ஒரு பேச்சுவார்த்தையும் கிடையாது.

இருபத்திரண்டு வயதில் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வாத்தியாராகப் போனேன். கடையில் நிற்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். பள்ளிக்கூடம் என்பது தகரக் கூரை போட்ட ஒரே ஓர் அறை. முன்பு உரமூட்டை அடுக்கி வைத்திருந்த இடம். மழை நாட்களில் தரையிலிருந்து அந்த வாடை கிளம்பும். முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். காலையில் பாடம், மத்தியானத்துக்கு மேல் பாதிப் பேர் தாய்மாருக்குக் கைத்துணையாக மலைக்குப் புல் பிடுங்கப் போய்விடுவார்கள். தேயிலைக்கு நடுவில் முளைக்கிற எதுவும் அங்கே புல்தான். அது பூத்தாலும் காய்த்தாலும் புல்தான்.

நான் போய்ச் சேர்ந்த தை மாதத்திலேயே மேலிடத்திலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாள் அறையைவிட்டு வெளியே கூட்டிப் போய் இயற்கைப் பாடம் நடத்த வேண்டும். மாதாமாதம் கண்டதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தோடு சேர்த்துச் சின்னதாக ஒரு தோட்டம் வைக்க வேண்டும். வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து அதிலும் பரீட்சை வைப்பார். கூடவே ஒரு புத்தகமும் வந்தது. வேறு தேசத்துப் பிள்ளைகளுக்காக எழுதியதை யாரோ தமிழில் பெயர்த்திருந்தார்கள். அதில் வருஷத்துக்கு நாலு பருவம். ஒரு பருவத்தில் மரமெல்லாம் மொட்டையாகும், அடுத்ததில் பூமியைப் பனிக்கட்டி மூடும்.

எனக்கென்ன வந்தது? இருப்பதைச் சொல்லிக்கொடுத்தேன். தை மாதக் காலையில், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நடுங்குகிற பிள்ளைகளை வெளியே பாறைமேல் உட்கார வைத்து, பனிக்கட்டியைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில், யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். ஒன்பது வயதிருக்கும். முன்பல் ஒன்று பாதி வளர்ந்திருந்தது.

"பூமி பூராவும் பனி மூடிருச்சுன்னா புல்லு மொளைக்காதுங்களே வாத்தியாரய்யா. அப்ப அந்த ஊரு ஆளுகளுக்கு எப்படிங்க பேரு போடுவாங்க?"

பேர் போடுவது என்றால் அன்றைய வேலைக்கு ஆளாகப் பதிவது. பேர் விழாத நாளில் கூலி இல்லை. புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. "உட்காரு" என்றேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் கேட்டது சரியான கேள்வி என்பதால் இன்னும் கூட எரிச்சல்.

அவளுடைய தாய் புல் பிடுங்குகிற கூட்டத்தில் இருந்தாள். தகப்பன் இல்லை. லயம் என்கிற கூலியாட்களின் வரிசை வீட்டில் ஒரு காம்பரா, ஒற்றை அறை, அவர்களுக்கு. பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதற்குத் தாயிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதை முதல் மாதத்திலேயே என்னிடம் வந்து சொன்னாள்.

"ஊருல எங்கம்மா இன்னும் இருக்குங்க, கடலுக்கு அந்தாண்ட, துறையூருப் பக்கம். வருசத்துக்கு ரெண்டு கடுதாசி வரும். கணக்கப்பிள்ளைக்கிட்டத்தான் குடுத்துப் படிக்கணும். அவரு ஆபீசு வாசல்ல நின்னு சத்தமாப் படிப்பாரு. எங்க வூட்டு நல்லது கெட்டது எனக்குத் தெரியுறதுக்கு முந்தி லயம் பூராவும் தெரிஞ்சு போகுது. எங்க கடுதாசிய எங்க காம்பராவுக்குள்ளயே படிக்கணுங்க. அதுக்குத்தான் அனுப்புறேன்."

"அச்செழுத்து வாசிக்கிறா. கையெழுத்து வாசிக்க மூணாம் வகுப்பு போகணும்" என்றேன்.

"சரிங்க. இன்ஸ்பெக்டரு பாசுன்னு சொல்லிட்டா மூணாவதுலயும் இருக்கட்டும். இல்லைன்னா மலைக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். அடுத்த தையோட பத்து வயசு ஆகுதுங்க அவளுக்கு."

பத்து வயதில் பேர் போடலாம். அது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆக, அந்தப் பெண்ணுக்கு இருந்தது ஒரு வருஷமும் ஒரு பரீட்சையும்.

இயற்கைப் பாடத்துக்குத் தோட்டம் போட வேண்டுமே! கட்டிடத்துக்குப் பின்னால் நாலு பாய் விரிக்கிற அளவு நிலத்தைக் கேட்டு வாங்கினேன். பதுளைச் சந்தையில் செவ்வந்தி விதையும் பீன்ஸ் விதையும் வாங்கிப் போட்டேன். பீன்ஸை முள்ளம்பன்றி தின்றது. செவ்வந்தியை ஆடு தின்றது. மாசி மாதம் ஒரு சொட்டு மழை இல்லை. மிச்சமிருந்ததும் கருகிப் போயிற்று. தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டதுதான் அந்த வருஷத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

பங்குனியில் சாயங்கால மழை பிடித்தது. இடி முழக்கத்தோடு கொட்டிவிட்டுக் காலையில் ஒன்றும் நடக்காதது போல வெயில் அடிக்கும். பத்து நாளில் பின்பக்கத்து நிலம் பச்சையாகிவிட்டது. நான் எதையும் நடவில்லை. அந்தப் பெண்தான் முதலில் பார்த்துவிட்டு வந்து, குற்றம் சொல்லுகிற குரலில் சொன்னாள்.

"வாத்தியாரய்யா, நம்ம தோட்டத்துல புல்லு ஏறிக் கெடக்குங்க. பிடுங்கிரவா?"

"கிடக்கட்டும். குறிப்பேட்டில் எழுத ஏதாவது வேணுமில்ல. என்ன புல்லுன்னு பாத்துச் சொல்லு."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். பிடுங்காமல் விட்ட புல்லை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. பிறகு குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள். புளியாரை, தும்பை, நாயுருவி, வல்லாரை. பெயர் தெரியாதவற்றுக்கு வேரைச் சொன்னாள். இது ஒற்றை வேர், இழுத்தால் வந்துவிடும். இது வேரை அறுத்துவிட்டு மேலே மட்டும் வரும், திரும்ப முளைக்கும். இதற்குச் சுரண்டி வேண்டும். நான் புத்தகத்தில் பூவைப் பார்த்துச் செடியை அடையாளம் காணச் சொல்லிக்கொடுத்தவன். அவள் வேரிலிருந்து தொடங்கினாள். மலையில் எதையும் பூக்கவிட மாட்டார்களே, பூவை எங்கே போய்ப் பார்ப்பது?

அந்த வருஷம் பூக்கவிட்டோம். தும்பை பூத்தபோது அவள் அதன் அடியில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இனிக்குதுங்க" என்றாள். பிறகு முப்பது பேரும் உறிஞ்சினார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் நானும் உறிஞ்சினேன். சாயங்காலம் வெயில் தாழ்ந்தால் புளியாரை இலை மடங்கிக்கொள்ளும் என்று ஒரு நாள் சொன்னாள். நான் நம்பாமல் நின்று பார்த்தேன், மடங்கியது. குறிப்பேட்டில் எழுதினேன். அந்தக் குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள் உண்டு: மாதம், கண்டது, கண்டவர் பெயர். மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் அவள் பெயர்தான் விழுந்தது. அவள் பெயரை நான் எழுதும்போது பக்கத்தில் வந்து நின்று, கடைசி எழுத்து முடியும்வரை பார்த்துவிட்டுப் போவாள்.

நாலு பருவம் என்கிற கதையை விட்டுவிட்டேன். அங்கே இருந்த பருவங்களே வேறு. சித்திரை வைகாசியில் கொழுந்து பொங்கும். தாய்மார் இருட்டிய பிறகுதான் லயத்துக்குத் திரும்புவார்கள். ஆனி பிறந்தால் மேற்கே எல்ல என்கிற ஊர்ப் பக்கத்து மலையிடுக்கு வழியாகக் கச்சான் காற்று இறங்கும். காய்ந்த காற்று. உதடு வெடிக்கும், தகரக் கூரை இரவும் பகலும் தடதடக்கும், எதிர்ப்பக்கத்து மலைப் புல்வெளி தீப்பிடித்துக் கறுக்கும். எங்கள் தோட்டமும் வாடித் தரையோடு படுத்தது. எல்லாம் செத்துவிட்டது என்று எழுதப் போனேன். "சாகலைங்க, விதையைக் கொட்டிட்டுப் போயிருக்கு" என்று மண்ணைக் கிளறிக் காட்டினாள். ஐப்பசி அடைமழைக்கு அவள் சொன்னபடியே முளைத்தது. கார்த்திகையில் அட்டைகளுக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டுதான் தோட்டத்துக்குள் இறங்க முடிந்தது. முழங்கால் உயரத்துக்கு நின்றது எல்லாம். எனக்கே பெருமையாக இருந்தது. துணிக்கடைக்காரன் மகன் இப்படி ஒரு தோட்டம் வைத்திருக்கிறேனே என்று.

அந்தக் கார்த்திகைக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வரும் தேதி தெரிந்தது. அதற்கு முதல் நாள் பாடம் முடிகிற நேரத்தில் பிள்ளைகளிடம் சொன்னேன்: "நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. நம்ம துரையும் கூட வர்றாரு. நம்ம தோட்டத்தைப் பார்க்கத்தான் வர்றாங்க. குளிச்சுட்டு நேரத்துக்கு வந்துருங்க." இவ்வளவுதான் நான் சொன்னது. இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக் கலைந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். பிள்ளைகள் ஏற்கெனவே வரிசையாக நின்றார்கள். தலையில் எண்ணெய், நெற்றியில் திருநீறு, முழங்கைவரை சேறு. எல்லார் முகத்திலும் சிரிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன்.

தோட்டம் இல்லை. வெறும் மண். ஒரு இலை இல்லை, ஒரு தண்டு இல்லை. மண்ணைக் கையால் தட்டிச் சமன் செய்து, ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருந்தார்கள்.

தேயிலைத் தோட்டங்களில் அதுதான் வழக்கம். துரை ஒரு மலையைப் பார்க்க வருகிறார் என்றால் முதல் நாளே கங்காணி ஆட்களை விட்டு அங்கே ஒரு புல் இல்லாமல் பிடுங்க வைப்பான். துரை கண்ணில் ஒரு புல் பட்டால் அன்றைக்குப் பாதிப் பேர்தான், அரை நாள் கூலி. பழகிப்போன பிறகு யாரும் சொல்லக்கூட வேண்டியதில்லை. பெரிய இடத்து ஆள் வருகிறார் என்று காதில் விழுந்தால் கை தானாகப் புல்லைத் தேடும். அதை அந்தப் பிள்ளைகள் செய்திருந்தார்கள், எனக்காக.

"யார் செஞ்சது?" என்றேன்.

அவள் முன்னால் வந்தாள். "நாந்தாங்க எல்லாரையும் கூட்டியாந்தேன். வெள்ளனவே வந்துட்டோங்க. ஒரு வேருகூட விடலை."

பிரம்பை எடுத்தேன். வலது கையில் இரண்டு, இடது கையில் இரண்டு. ஒரு வருஷத்து வேலை போயிற்று, இன்ஸ்பெக்டர் வந்து என்ன பார்ப்பார், என் பிழைப்பு என்னவாகும் என்றெல்லாம் கத்தினேன். அவள் அழவில்லை. கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறும் மண்ணையே உற்று உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"எங்கயாச்சும் வேரு விட்டுப் போச்சுங்களா?"

பிரம்பைக் கீழே போட்டேன். அதற்குள் குதிரைச் சத்தம் கேட்டது, அவர்கள் வந்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தலைப்பாகை, மூக்குக் கண்ணாடி, கையில் குடை. வெறும் மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கை காணும் உம்மடை தோட்டம்?" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "பிடுங்கினதை எங்கை போட்டனியள்?" என்று பிள்ளைகளைக் கேட்டார். அந்தப் பெண் ஓடிப்போய் ஓடைக்கரைக் குழியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். மலையில் செய்கிற மாதிரியே சாக்கில் திணித்துக் குழியில் போட்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் குடையை மடக்கிவிட்டுக் கைவிட்டு ஒன்றை எடுத்தார். "இது என்னெண்டு சொல்லு பாப்பம், பிள்ளை."

சொன்னாள். எந்த மாதம் முளைக்கும், எப்போது பூக்கும், எந்தப் பூச்சி வந்து உட்காரும், காற்றுக்கு எப்படிப் படுக்கும், வேர் எத்தனை விரல் ஆழம் என்று. அடிபட்டுச் சிவந்த கையாலேயே ஒவ்வொன்றையும் வாங்கி, மண்ணை உதறிக் காட்டினாள். அவர் பத்துப் பன்னிரண்டு செடியை எடுத்தார்; ஒன்றில்கூட அவள் தடுமாறவில்லை. "வடிவாச் சொல்லுறாய்" என்றார். வாசிப்பிலும் அவள் தப்பவில்லை. அங்கேயே பென்சிலை எடுத்து, பிள்ளைகளின் பெயர் பதிந்த இடாப்பில் அவள் பெயருக்கு நேரே எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். பாஸ். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவளைப் பார்த்துத் தலையசைத்தேன். அப்போதுதான் சிரித்தாள்.

துரை இவ்வளவு நேரமும் பேச்சைக் கேட்கவில்லை. அவர் தோட்டத்து மண்ணில் குந்தி, விரலால் கிளறிக்கொண்டிருந்தார். எழுந்து கையைத் தட்டிவிட்டு வந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் பெரட்டில் கற்றது.

"இந்தப் புல்லு யார் பிடுங்கினது?"

பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள்.

"ரொம்ப நல்ல வேலை. ஒரு வேர் இல்லை. என் தோட்டத்துல ஒரு ஆளும் இப்படி பிடுங்கறது இல்லை. என்ன வயசு?"

"தை வந்தா பத்துங்க" என்றாள் அவள். துரை தன்னைப் புகழ்கிறார் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

"சரி. தை மாசம் பெரட்டுக்கு வா. பேர் போடறேன்."

நான் ஓரடி முன்னே போய், "துரை, இந்தப் பிள்ளை பாஸ் ஆயிருச்சு. மூணாம் வகுப்புக்குப் போகணுங்க" என்றேன்.

"பாஸ் ஆச்சா? ரொம்ப சந்தோஷம்" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "அப்போ பள்ளிக்கூடம் முடிஞ்சுது."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துரையிடம் ஏதாவது சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரும் நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

மறுநாள் தாயிடம் போனேன். லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். துரையிடம் போய்ச் சொல்லுங்கள், பிள்ளை இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும் என்றேன்.

"துரை வாயால சொல்லிட்டாருங்களே. நான் மாட்டேன்னு போய் நின்னா, இந்தக் காம்பராவக் காலி பண்ணுன்னுவாரு. அப்புறம் கடுதாசி வந்தா எந்த வூட்டுல வச்சுப் படிக்கிறது?"

"சாயங்காலத்தில் அனுப்புங்க. நான் சொல்லிக்கொடுக்கிறேன்."

அனுப்பினாள். தை பிறந்து, பகலெல்லாம் மலையில் வேலை செய்துவிட்டு, ஒரு வாரம் வந்தாள் அந்தப் பெண். எனக்கு வந்த பழைய கடிதம் ஒன்றை எடுத்து வைத்துக் கையெழுத்தைக் காட்டுவேன். இரண்டு வரி தாண்டுவதற்குள் தலை மேசையில் சாய்ந்துவிடும். நகக் கண்ணெல்லாம் கறுத்திருக்கும். எழுப்ப மனம் வராது. இரண்டாவது வாரம் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. தாய்க்குக் கடிதம் வந்தபோது கணக்கப்பிள்ளை வழக்கம்போல ஆபீஸ் வாசலில் நின்று படித்தார். துறையூர்க் கிழவி போய்ச் சேர்ந்துவிட்ட செய்தி. அதையும் சத்தமாகத்தான் படித்தார் என்று கேள்விப்பட்டேன்.

பங்குனி மழைக்குத் தோட்டம் மறுபடி பச்சையாயிற்று. புதுப் பிள்ளைகளைப் பின்பக்கம் கூட்டிப் போனேன். வேலி ஓரத்தில் நீலமாகச் சிறு பூ வைத்த செடி ஒன்று நின்றது. போன வருஷம் அதைப் பார்த்த ஞாபகம் இல்லை. என்ன செடி என்று பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கு எங்கே தெரியப் போகிறது? வேலிக்கு அப்பால் புல் பிடுங்குகிற கூட்டம் வந்துகொண்டிருந்தது. வரிசையில் கடைசியாக அவள் வந்தாள், இடுப்பில் சாக்குக் கட்டி, கையில் சுரண்டியோடு.

வேலியண்டை போனேன். அன்றைக்கு அடித்தது தப்பு என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பக்கத்தில் போனதும் அந்தச் செடியைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன்.

அவள் நிமிரவில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

"பேரு தெரியாதுங்க. பங்குனி மழைக்கு மொளைக்கும். ஆடிக் காத்துக்குக் காஞ்சிரும். ஒத்தை வேருதாங்க."

சொல்லிக்கொண்டே வேலிக்கு அப்பால் தன் காலடியில் நின்ற அதே மாதிரிச் செடி ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வேரோடு வந்தது. மண்ணை உதறிச் சாக்குக்குள் போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். கங்காணி பார்க்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

உள்ளே வந்து குறிப்பேட்டை எடுத்தேன். மாதம், பங்குனி. கண்டது, அவள் சொன்னபடி எழுதினேன். கண்டவர் பெயர் என்கிற கட்டத்துக்கு வந்தேன். இடாப்பில் இல்லாத பிள்ளையின் பெயரை எழுதக் கூடாது. "ஆசிரியர்" என்று எழுதினேன்.

அந்த வருஷக் கடைசியில் அதே இன்ஸ்பெக்டர் வந்தார். குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர், அந்தப் பக்கத்தில் நின்று வாசித்தார். "வேரைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறீர். உமக்கு நல்ல கண், காணும்" என்றார்.

"ஓம் ஐயா" என்றேன்.